பக்கத்து வீட்டு நியூட்ரல்

செப்டம்பர் 12, வெள்ளி

காலை 10.20. குளித்துக்கொண்டிருக்கும்போது பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை, எதிர்ச்சுவரில் பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஃபேன் மட்டும் நின்றது. மூன்று நிமிஷம் கழித்து ஒரு முனகு முனகிக் கால் சுற்று சுற்றியது. மறுபடி நின்றுவிட்டது.

பாத்ரூமுக்குள் கடிகாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நான் முப்பத்தோரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதி எழுதியே உத்தியோகத்தை முடித்தவன். உடுமலைப்பேட்டையிலேயே குளிக்கிற இடத்தில் கடிகாரம் மாட்டிய ஒரே ஆள் நான்தான் என்று என் மனைவி வசந்தாமணி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்த ஃபேன் இல்லாமல் இந்த பாத்ரூமில் மனுஷன் குளிக்க முடியாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பா வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் வைத்தோம். என் தம்பி ஆறுச்சாமி அவன் பாகத்துச் சமையலறையைக் கொண்டுவந்து என் பாத்ரூம் ஜன்னலை ஒட்டிக் கட்டிவிட்டான். காற்று வர இருந்த ஒரே வழி அது. அன்றைக்கு நின்றது பேச்சு. வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் காம்பவுண்டுக்கு மேலே கீரையும் குழம்பும் கைமாற்றிக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் வேறு வேறு பந்தியில் உட்காருவோம்.

ஃபேன் முனகி நின்ற கையோடு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம். பிறகு அவன் மனைவி சிவகாமியின் அலறல். வசந்தாமணி ஓடினாள். ஆறுச்சாமி சமையலறையில் டியூப் லைட்டைச் சரி பண்ண ஸ்டூலில் ஏறியிருக்கிறான், கரண்ட் அடித்து விழுந்துவிட்டான். இடது கை வெந்திருக்கிறது. இடுப்பு எலும்பு போயிருக்கும் என்றார்கள். 10.55க்கு ஆம்புலன்ஸ் வந்தது. நான் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். துண்டோடு எப்படிப் போவது?

ஃபேனை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 13, சனி

ஃபேன் ஓடவில்லை. ஸ்விட்சைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஓடவில்லை. ஏணி போட்டு ஏறி டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு ஒயரில் எரிந்தது, சரி. இன்னொரு ஒயரில் வைத்தேன், அதிலும் எரிந்தது. ஒரு ஒயரில் கரண்ட் வரும், அது ஃபேஸ். இன்னொன்று அது திரும்பிப் போகிற நியூட்ரல். அதில் எரியக் கூடாது. இரண்டிலும் எரிகிற டெஸ்டரை நான் பார்த்ததில்லை. டெஸ்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மாவு அரைக்கிற கிரைண்டர் ஸ்விட்சில் வைத்துப் பார்த்தேன். அங்கே ஒழுங்காக இருந்தது.

ஆறுச்சாமியைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. சிவகாமிக்கு ஒரு வழக்கம், பக்கத்துக் கடைக்குப் போனாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவாள். கஞ்சத்தனம் என்று வசந்தாமணியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை 6.40க்கு ஃபேன் தானாக ஓடியது. நான் ஒன்றும் செய்யவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆறுச்சாமியின் மகன் சபரிநாதன் பெங்களூரிலிருந்து ஞாயிறு விடியற்காலையிலேயே வந்துவிட்டானாம். இன்று மத்தியானம் எலக்ட்ரீஷியன் ரபீக்கைக் கூப்பிட்டு அவர்கள் வீடு முழுக்கச் சோதித்துப் பார்த்திருக்கிறான். ஒரு குறையும் இல்லை என்று ரபீக் சொல்லிவிட்டான்.

பிரச்சினை இதுதான். ஆறுச்சாமி மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினேன் என்று சத்தியம் பண்ணுகிறானாம். மெயினை அணைத்தால் எப்படிக் கரண்ட் அடிக்கும்? சிவகாமி ஓடிப்போய் மெயினைத் தட்டினேன் என்கிறாள், அது ஏற்கெனவே கீழே இருந்ததா மேலே இருந்ததா என்று கேட்டால் அந்தப் பதற்றத்தில் ஞாபகம் இல்லை என்கிறாள். ஆக, அணைக்க மறந்துவிட்டு இப்போது கதை சொல்கிறான் என்று ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவன் யார்? முப்பத்தெட்டு வருஷம் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டினவன். இந்தச் சுற்று வட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்தால் அவன் கடைக்குத்தான் வரும். மெயினை அணைக்காமல் ஒரு ஸ்க்ரூவைக் கூடத் தொடமாட்டான் என்பது அவனுடைய பீற்றல். அந்தப் பீற்றல் இப்படியா போக வேண்டும். எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. எழுதிவிடுகிறேன், வந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

வசந்தாமணி கோயமுத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கண் பார்வை, பேச்சு எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆறுச்சாமி இவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேட்டிருக்கிறான்.

“அண்ணனைக் கேளுங்கண்ணி. உங்க பக்கத்து ஒயர் ஏதாச்சும் எங்க நியூட்ரல்ல சேர்ந்திருக்குதான்னு. அப்படி இருந்தாத்தான் மெயினை அணைச்சும் அடிக்கும். ஃபேஸ்ல டெஸ்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் கை வச்சேன். நியூட்ரல்தான் அடிச்சுது.”

கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு வருஷம் பேசாதவன் முதல் பேச்சே குற்றம் சாட்டுகிற பேச்சு. பாகம் பிரித்தபோதே இரண்டு மீட்டர், இரண்டு போர்டு, எல்லாம் தனித்தனி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதுதானே? இல்லை என்று சொல்லச் சொன்னேன். இவள் என் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னாள். பிறகு அவன் பேசியது எனக்கே கேட்டது.

“அண்ணன் இல்லைன்னா இல்லைதானுங்க. பேசாட்டியும் அவரு பொய் சொல்லமாட்டாரு.”

இவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன பார்வை என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று எழுந்துபோனாள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஃபேன் மறுபடி நின்றது. கண்டென்சர் போயிருக்கும் என்று புதிது வாங்கிப் போட்டேன். ஓடவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஓடியது.

எழுதி வைக்கிற பழக்கம் இருக்கிறவனுக்கு இது ஒரு வேலை. நின்ற நேரம், ஓடிய நேரம், எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். 12ஆம் தேதி 10.20க்கு நின்றது. 14ஆம் தேதி 6.40க்கு ஓடியது, சபரி வந்து வீட்டைத் திறந்த நேரம். 18ஆம் தேதி காலை நின்று சாயங்காலம் ஓடியது, சிவகாமி ஆஸ்பத்திரி போய் வந்த நாள். இன்று காலை அவள் பேங்குக்குப் போனாள். இரண்டு மணிக்கு வந்தாள்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு எடுத்துக் கிழித்துவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

ரபீக்கைக் கூப்பிட்டேன். ஃபேன் கோளாறு என்று மட்டும்தான் சொன்னேன். அவன் முதலில் என் போர்டில் ஈ.எல்.சி.பி. என்று ஒன்றை மாட்டினான். போகிற கரண்ட் எல்லாம் அதே வழியில் திரும்பி வரவில்லை என்றால் அது தானே விழுந்துவிடுமாம். லைட்டைப் போட்டான், விழவில்லை. ஃப்ரிட்ஜைப் போட்டான், விழவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டான். டக்கென்று விழுந்தது. மூன்று தடவை போட்டான், மூன்று தடவையும் விழுந்தது.

ஏணியில் ஏறி நடுச்சுவரில் இருக்கிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தான். கீழே இறங்கி வந்து சொன்னான். ஃபேனுக்குப் போகிற கரண்ட் என் வீட்டிலிருந்து போகிறது, திரும்புவது தம்பி வீட்டு நியூட்ரல் வழியாக. அவர்கள் வீட்டு மெயின் இரண்டு ஒயரையும் சேர்த்து அணைக்கிற ரகம். அவர்கள் அணைத்தால் என் கரண்டுக்குத் திரும்ப வழி இல்லை, ஃபேன் நிற்கும். அந்த நேரத்தில் அந்த நியூட்ரலில் யார் கை வைத்தாலும் அவர்கள் உடம்புதான் வழி.

“யாருங்க சார் இப்படி மாட்டினது?”

அப்போது வந்த ஆள் சரியில்லை என்றேன்.

“அன்னிக்குக் காலைல நீங்க ஃபேன் போட்டிருந்தீங்களா?”

ஞாபகம் இல்லை என்றேன். சொல்லும்போது அவன் என் தலைக்கு மேலே பாத்ரூம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் போர்டிலிருந்து தனி நியூட்ரல் இழுத்துக் கொடுத்தான். பழைய இணைப்பைப் பிரித்து டேப் சுற்றி, பாக்ஸை மூடினான். இப்போது ஃபேன் ஓடுகிறது, ஈ.எல்.சி.பி. விழவில்லை. போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, நான் போய்ச் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றான். நான் தலையாட்டினேன். சமையலறை வாசலில் வசந்தாமணி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

அப்போது வந்த ஆள் யாரும் இல்லை. மாட்டியது நான்தான்.

ஜன்னலை அடைத்துச் சுவர் எழும்பிய வாரம் அது. எந்த எலக்ட்ரீஷியனும் உடனே வரவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை. நானே சுவரில் ஓட்டை போட்டு ஃபேனை மாட்டினேன். என் போர்டிலிருந்து ஒரே ஒரு ஒயர்தான் நீளம் எட்டியது. இன்னொன்றுக்கு மறுபடி கடைக்குப் போக வேண்டும். ஜங்ஷன் பாக்ஸில் ஒரு கறுப்பு நியூட்ரல் ஒயர் இருந்தது. அது அவன் பக்கத்து ஒயர் என்று எனக்குத் தெரியும். அப்போது தெரியாது என்று எழுத நினைத்தேன், தெரியும். என் காற்றை அடைத்தானே, அவன் ஒயரிலேயே என் ஃபேன் ஓடட்டும் என்று ஒரு அற்ப சந்தோஷம். அதில் ஆபத்து இருக்கிறது என்றுதான் தெரியாது.

19ஆம் தேதி அவன் கேட்டபோது அந்தக் கறுப்பு ஒயர் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகுதான் இல்லை என்றேன்.

அந்தக் கால் சுற்று. அவன் உடம்பு வழியாகக் கரண்ட் போய்த்தான் ஃபேன் முனகிச் சுற்றியது. நான் சோப்புத் தேய்த்தபடி அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். வாக்கர் பிடித்து நடக்கிறான். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை. உடம்பு முடியாதவனைப் பார்க்கப் போகிற நாள் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

மழை.

அக்டோபர் 6, திங்கள்

நடுச்சுவர் ஒற்றைச் செங்கல் சுவர். பாத்ரூமில் நின்றால் அவர்கள் சமையலறைப் பேச்சு கேட்கும். நின்றேன்.

அணைத்தேன்டா என்று ஆறுச்சாமி சொல்கிறான். அணைத்திருந்தால் எப்படிப்பா அடிக்கும் என்று சபரி கேட்கிறான். முதல் வாரம் இதற்கு அவன் கத்துவானாம். இன்று கத்தவில்லை. ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, மெயினை அணைத்தேன், டெஸ்டரை எடுத்தேன், ஸ்டூலைப் போட்டேன் என்று வரிசையாகச் சொன்னான். ஸ்டூலை முதலில் போட்டீங்களா, மெயினை முதலில் அணைச்சீங்களா என்று சபரி கேட்டான். ஆறுச்சாமி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

சபரி கெட்டவன் இல்லை. பயப்படுகிறான். போன மாசம் அடுப்பில் பால் வைத்து மறந்துவிட்டார், ஜனவரியில் வண்டிச் சாவியைத் தொலைத்தார் என்று எல்லாவற்றையும் இப்போது சேர்த்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான். நானும்தான் பால் வைத்து மறந்திருக்கிறேன். என்னை யாரும் கேட்பதில்லை.

இன்றே போயிருக்க வேண்டும். சட்டை கூடப் போட்டேன்.

அக்டோபர் 11, சனி

ஆறுச்சாமியைக் கோயமுத்தூரில் மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னாராம். கடிகாரம் வரையச் சொன்னாராம். முள்ளை மாற்றி வரைந்துவிட்டான். பயத்தில் தடுமாறிவிட்டார் என்று சிவகாமி சொல்கிறாள். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சபரி அவனுடைய டூல்ஸ் பெட்டியை எடுத்து ரபீக்கிடம் கொடுத்துவிட்டான், இனிமேல் கையில் கிடைக்கக் கூடாது என்று. காயில் கட்டுகிற கட்டை, கம்பியின் கனம் அளக்கிற மைக்ரோமீட்டர் எல்லாம் அதில்தான் இருந்தது.

சாயங்காலம் கடை வீதியில் ரபீக் எதிரே வந்தான். பார்க்காத மாதிரி திரும்பினேன். கூப்பிட்டு நிறுத்தினான். சொல்லிட்டீங்களா என்றான். சொல்லணும் என்றேன். அந்தப் பெட்டியை அவன் பிரிக்கவே இல்லையாம், அப்படியே வைத்திருக்கிறானாம். எதற்கு என்னிடம் சொன்னான் என்று எனக்குக் கோபம் வந்தது. ரபீக்குக்கு இதில் என்ன வந்தது? ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைப்பதே இவர்களுக்குத் தொழில்.

இல்லை. அவன் நல்லவன். அதுதான் கோபம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

சுவருக்கு மேலே அதிரசமும் முறுக்கும் வந்தன. எங்கள் பலகாரத்தை வசந்தாமணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவனையும் பார்த்துவிட்டு வந்தாள். வந்து என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். அவன் பேசியதாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை.

“எனக்கு மறதிதான் அண்ணி. யோசிச்சுப் பாத்தேன். வேற வழியா கரண்ட் வந்திருந்தா அது உங்க வூட்டிலிருந்துதான் வரோணும். அண்ணனே இல்லைன்னு சொல்லீட்டாரு. அப்ப நான்தானே அணைக்காம ஏறியிருக்கோணும். எம் புத்தியை நம்பறதா, அண்ணன் வார்த்தையை நம்பறதா? அப்படித்தான் அவரு சொன்னாருங்க.”

சொல்லிவிட்டு அழுதாள். பட்டாசுச் சத்தத்தில் அக்கம்பக்கம் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்கு எரிச்சலாக வந்தது. எதற்கு இவன் என்னை இப்படி நம்ப வேண்டும்? ஏழு வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவனை எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? சந்தேகப்பட்டு என் வாசலில் வந்து நின்று கத்தியிருந்தால், நானும் கத்தியிருப்பேன், கத்தின கத்தலில் உண்மை வெளியே வந்திருக்கும். அவன் நம்பிவிட்டான். இனி நான் என்ன செய்வது?

அதற்குப் பிறகு இவள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 27, திங்கள்

அவர்கள் பாகத்தை விற்கப் போகிறார்களாம். அப்பாவையும் அம்மாவையும் இனித் தனியாக விட முடியாது என்று சபரி தீர்மானித்துவிட்டான். பெங்களூரில் ஒன்பதாம் மாடியில் ஒரு ஃப்ளாட். வாங்குகிற ஆளோடு பேச்சு முடிந்துவிட்டது, பத்திரம் எழுதுவதுதான் பாக்கி. நவம்பர் 9 காலையில் கிளம்புகிறார்கள்.

ஆறுச்சாமி ஒன்றும் சொல்லவில்லையாம். நீ எப்படிச் சொல்றயோ அப்படி என்றானாம். உடுமலையை விட்டு ஒரு ராத்திரி தங்கினாலே தூக்கம் வராது அவனுக்கு.

தீபாவளியிலிருந்து என்னோடு பேசாத வசந்தாமணி இன்று வாயைத் திறந்தாள். “அவங்க கெளம்பறக்குள்ள நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?” என்றாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

நவம்பர் 1, சனி

போகவில்லை.

நவம்பர் 5, புதன்

போகவில்லை.

நவம்பர் 8, சனி

போனேன். காலை 11.10க்கு உள்ளே போனேன்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படி. உள்ளே எல்லாம் அட்டைப்பெட்டிகள். சிவகாமி என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆறுச்சாமி ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரொம்ப இளைத்திருந்தான். இடது கையில் வெந்த தழும்பு ரோஸ் நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வந்துட்டீங்களாண்ணா” என்றான். அவ்வளவுதான் அவன் கேட்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. மில்லில் சார்ஜ் ஷீட் படிப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஃபேனை நான் மாட்டினேன். உன் நியூட்ரலில் சேர்த்தேன். 12ஆம் தேதி 10.20க்கு நீ மெயினை அணைத்தாய், என் ஃபேன் நின்றது. நீ அணைத்தது எனக்குத் தெரியும். 10.23க்கு உனக்கு அடித்தது, அது என் வீட்டுக் கரண்ட். உனக்கு மறதி இல்லை. ஒரு மறதியும் இல்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துபோனது. சிவகாமி சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். பெட்டி கட்டிக்கொண்டிருந்த சபரியும் வந்து நின்றான்.

ஆறுச்சாமி கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் பழைய ஆள் தெரிந்தான், பழுதான மோட்டாரை எதிரில் வைத்துக்கொண்டு யோசிக்கிற ஆள். விரலால் படுக்கை விரிப்பில் ஒரு கோடு போட்டான், உங்க ஃபேஸ் இப்படி, எங்க நியூட்ரல் இப்படி என்று. சரியாகப் போட்டான். அப்புறம் அந்தக் கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சிரித்தான்.

“நான் அன்னிக்கே கேட்டேனுங்களேண்ணா. இல்லைன்னு சொல்லீட்டீங்களே.”

அப்போது பொய் சொன்னேன் என்றேன்.

“நீங்க பொய் சொல்லமாட்டீங்கண்ணா. மில்லுல சொந்த மச்சான் லேட்டா வந்ததையே எழுதிப் போட்ட ஆளு நீங்க. இப்பத்தான் பொய் சொல்றீங்க. எனக்காக.” என் கை மேல் அவன் கையை வைத்தான். தழும்பு இருக்கிற கை. “எனக்கு மறதி வந்துருச்சுன்னு மனசு கேக்காம, பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. ஏழு வருசம் பேசலீன்னாலும் ரத்தம் விட்டுப்போகுமா? எனக்கு இது போதும்ணா.”

ஆறுச்சாமி, நான் சொல்வதைக் கேள் என்றேன். மறுபடியும் ஆரம்பித்தேன். ரபீக்கைக் கேட்டுப் பார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சிவகாமியும் அழுதாள், சந்தோஷத்தில். என்னை இப்படி ஒருவர் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். காப்பி வந்தது. குடித்தேன்.

கிளம்பும்போது சபரி கேட் வரைக்கும் கூட வந்தான். கேட்டைத் திறக்காமல் கொண்டியில் கை வைத்தபடி நின்றான்.

“பெரியப்பா, ஒரே ஒரு தடவை கேக்கறேன். உள்ள சொன்னது நெசமா, இல்ல அப்பா மனசுக்காகச் சொன்னீங்களா? நெசம்னா இப்பவே சொல்லுங்க. நாளைக்குக் கெளம்பறதை நிறுத்தீடறேன். வூட்டையும் விக்கலை. அவருக்கு மறதி இல்லைன்னா அவரு எதுக்கு அங்க வந்து அடைஞ்சு கெடக்கோணும்? இங்கயே இருக்கட்டும்.”

அவன் முகத்தைப் பார்த்தேன். இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். தினமும் காலையில் அந்த வாக்கர் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். ஊருக்குத் தெரியும். ரபீக் சொல்வான், ஆமாம் என்பான். இப்போது என் கை மேல் கை வைத்தவன் நாளைக்கு என்னை வேறு மாதிரி பார்ப்பான். இதையெல்லாம் யோசிக்க எனக்கு இரண்டு நொடி கூட ஆகவில்லை.

“அவன் மனசுக்காகத்தான் சபரி. வேற ஒண்ணுமில்ல. நீ கூட்டீட்டுப் போ” என்றேன்.

அவன் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெங்களூரில் இருக்கிற பையன், ரோட்டில் நாலு பேர் பார்க்க. நல்லா இரு சாமி என்று தலையில் கை வைத்தேன். குரல் சரியாகத்தான் வந்தது.

வசந்தாமணி எங்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னாங்க என்றாள். மன்னிச்சுட்டான், ஆனால் மகனோடு இருக்கத்தான் ஆசைப்படுகிறான், காலையில் போகிறார்கள் என்றேன். அவள் அப்படியே சாமி படத்துப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து பரிமாறினாள். கத்தரிக்காய்க் குழம்பு. இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா என்று கேட்டாள்.

போடு என்றேன்.